பழைய கணினியும் அதன் திறவுகோலும்
(எமது சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



பென் டிரைவ் ஒன்றின் துணைகொண்டு பழைய கணினியை இயங்கச் செய்வது எப்படி என்பதே எமக்கு இன்று அளிக்கப்பட்ட விஷயமாகும். சங்கத்து மேடையிலே பேசுவதற்கு இஃது உகந்த பொருள்தானா என்று பெரியோர்களிற் சிலர் எண்ணக்கூடும். ஆயினும், பழுதென்று மூலையிற் போடப்பட்ட ஒரு பொருளை மீண்டும் பயனுடையதாக்குவதும், அதற்குரிய அறிவை ஒருவர்க்கொருவர் சொல்லிக் கொடுப்பதும் வாலிபர் சங்கமொன்றின் வேலைக்குப் புறம்பானவை அல்ல என்பதே எமது எண்ணம்.

முதலிலே, இதன் அவசியத்தைச் சற்றுச் சிந்திப்போம். 2020ஆம் ஆண்டிலே கொரோனா நோயினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கற்பிப்போரும் கற்போரும் கணினியையும் கைத்தொலைபேசியையும் நாடவேண்டியவராயினர். அடுத்து 2022ஆம் ஆண்டிலே நாட்டின் பொருளாதாரம் நிலைகுலைந்தது. அவ்வாண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலர், மே மாதத்திலே 360 ரூபாவையும் தாண்டிற்று. கணினியோ வெளிநாட்டிலிருந்து வருவது. மாதச் சம்பளக்காரருக்கும் வேளாண்மை செய்வோருக்கும் கடற்றொழிலாளருக்கும் அதன் விலை எட்டாக் கொப்பாயிற்று. இவற்றுக்கு மேலாக, வின்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு வழங்கிவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் பொதுவாக நிறுத்தப்பட்டன. வின்டோஸ் 11 ஐ ஏற்பதற்கு வேண்டிய பாதுகாப்புச் சில்லு முதலியவை பழைய கணினிகள் பலவற்றில் இல்லை. ஆதலால், திரையும் விசைப்பலகையும் நன்றாயிருக்கவே, 'இது இனி உதவாது' என்று தீர்ப்புக் கூறப்படும் கணினிகள் பெருகி வருகின்றன.

அத்தீர்ப்பு முற்றிலும் சரியானதா? இல்லை என்பதே எமது விடை. கணினி வேறு; அதனை நடத்தும் இயங்குதளம் வேறு. வீட்டிற் குடியிருந்தவர் போய்விட்டாரென்றால் வீடு இடிந்துவிட்டதென்று பொருளாகாது. வேறொருவரைக் குடியேற்றலாம். லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளம் 1991இலே பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவராலே தொடங்கப்பட்டுப் பல்லாயிரம் பேரின் உழைப்பால் வளர்ந்தது. பழைய கணினிகளுக்கென்றே ஆக்கப்பட்ட அதன் வகைகள் பல இலவசமாகக் கிடைக்கின்றன. அதனை உள்ளே கொண்டுசெல்லும் வண்டிதான் பென் டிரைவ்.

இனி, கணினி விழித்தெழும் முறையைப் பார்ப்போம். எமது கூத்துக் களரியை மனத்திற் கொண்டால் இஃது எளிதில் விளங்கும். அரசன் எடுத்த எடுப்பிலே களரிக்கு வருவதில்லை. முதலிற் கட்டியகாரன் வந்து, இன்ன அரசன் வருகிறான் என்று கூறுகிறான். அதன் பின்னரே கொலு வரவு. கணினியிலும் இவ்வாறே. மின்விசையை அழுத்தியவுடன், தாய்ப்பலகையிலுள்ள ஒரு சில்லிற் பதிந்திருக்கும் 'பயோஸ்' என்னும் சிறு நிகழ்ச்சித்திட்டம் விழித்துக்கொள்ளும். அது நினைவகம், விசைப்பலகை முதலியவற்றைப் பரிசோதித்துவிட்டு, வன்தட்டு, சீடி, பென் டிரைவ் என்று தனக்கு விதிக்கப்பட்ட ஒழுங்கின்படி ஒவ்வொன்றையும் தட்டிப் பார்க்கும். வன்தட்டிலோ பென் டிரைவிலோ அது வாசிப்பது முதலாவது கூறாகிய 512 பைற்றை மாத்திரமே. அதுவே கட்டியகாரன் நிற்கும் இடம்.

அந்த 512 பைற்றுக்களின் அமைப்பும் அறியத்தக்கது. முதல் 446 பைற்றும் கட்டியகாரனின் வாசகம். அதாவது, இயங்குதளத்தை அழைத்துவரும் கட்டளைகள். அடுத்த 64 பைற்றும் தட்டு எவ்வாறு பகுக்கப்பட்டுள்ளது எனக் காட்டும் அட்டவணை. இறுதி 2 பைற்றும் முத்திரை. '55', 'ஏஏ' என்னும் அம்முத்திரை காணப்படாவிட்டால், 'இங்கே இயங்குதளம் இல்லை' எனப் பயோஸ் பொதுவாக அப்பாற் போய்விடும். இம்முழு ஏற்பாட்டையும் 'எம்பிஆர்' என்பர்.

இதிலிருந்து ஒரு முக்கிய உண்மை புலனாகின்றது. லினக்ஸ் கோப்பைப் பென் டிரைவிற் சாதாரணமாகப் பிரதிசெய்தால் பழைய கணினி அதிலிருந்து எழாது. கோப்புக்கள் உள்ளே கிடக்கும்; வாசலிலே கட்டியகாரன் இருக்கமாட்டான். பலரும் இவ்விடத்திலேதான் இடறி, 'பென் டிரைவ் சரியில்லை', 'கணினி பழுது' என்று கைவிட்டுவிடுகின்றனர்.

ஏறக்குறைய 2012இல் வின்டோஸ் 8 வெளிவந்த காலந்தொட்டு, பயோசுக்குப் பதிலாக 'யூஈஎப்ஐ' என்னும் புதுமுறை பெருவழக்காயிற்று. இது முதற் கூறிலே கட்டியகாரனைத் தேடுவதில்லை. பென் டிரைவிலே 'எப்ஏடி32' முறைப்படி அமைந்த பகுதிக்குள் நுழைந்து, குறித்த உறையிலே குறித்த பெயருடைய கோப்பைத் தேடி எடுத்துக்கொள்ளும். ஆகவே, புதிய கணினியில் நன்கு எழும் பென் டிரைவ் பழைய கணினியிற் பேசாது கிடப்பதும், பழையதில் எழுவது புதியதில் எழாதிருப்பதும் மாயமல்ல. இரண்டு வாசல்களுக்கும் பூட்டு வேறு, திறவுகோலும் வேறு.

எனவே, பென் டிரைவைத் தொடுமுன் கணினியைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்டல் வேண்டும்.

முதலாவது, இது பயோஸ் முறையா, யூஈஎப்ஐ முறையா? 2010ஆம் ஆண்டுக்கு முந்திய சாதாரண மேசைக் கணினியாயின் பெரும்பாலும் பயோஸ் என்றே கொள்ளலாம். வின்டோஸ் 10 இயங்குமாயின், 'சிஸ்டம் இன்பர்மேஷன்' பக்கத்திலே 'பயோஸ் மோட்' என்ற வரி இதனைச் சொல்லிவிடும்.

இரண்டாவது, இதன் செயலி 32 பிற் வகையா, 64 பிற் வகையா? 64 பிற் செயலிகள் 2003ஆம் ஆண்டிலிருந்தே சாதாரண கணினிகளுக்கு வரத் தொடங்கின. எனினும், 2008 அளவில் வந்த சிறு மடிக்கணினிகளிற் பல 32 பிற் செயலியையே கொண்டிருந்தன. 64 பிற் இயங்குதளத்தை 32 பிற் செயலி ஏற்காது. பெயர்பெற்ற டெபியன் லினக்சின் 2023ஆம் ஆண்டுப் பதிப்பாகிய 12இலே 32 பிற் கணினிக்குரிய நிறுவி உண்டு. 2025 ஓகஸ்டில் வந்த 13ஆம் பதிப்பிலே அது நீக்கப்பட்டது. ஆகவே, மிகப் பழைய கணினியாயின் 'புதியதே சிறந்தது' என்ற விதி இங்கே செல்லாது.

மூன்றாவது, நினைவகம் எவ்வளவு? 2 ஜிபி இருந்தால் இலகுவான லினக்ஸ் வகையொன்று தாராளமாக ஓடும். 1 ஜிபியோ அதிலும் குறைவோ ஆயின், பப்பி லினக்ஸ், அன்ரிஎக்ஸ் போன்ற மிகச் சிறியவற்றையே நாடவேண்டும்.

விடைகள் கிடைத்தபின், தக்க லினக்சின் 'ஐஎஸ்ஓ' கோப்பை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளல் வேண்டும். அத்துடன், அங்கே தரப்பட்டிருக்கும் 'எஸ்எச்ஏ256' என்னும் 64 எழுத்துக் குறியையும் ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று. இறக்கும்போது இணைப்பு அறுந்து கோப்பில் ஓரெழுத்து மாறியிருந்தாலும் இக்குறி முற்றாக மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். அரிசியிற் கல் பார்த்தபின் உலை வைப்பது போன்ற வேலை இது.

அடுத்தது எழுதும் வேலை. வின்டோஸ் உள்ள வேறொரு கணினியிலே 'ரூபஸ்' என்னும் இலவசக் கருவியைத் திறந்து, பென் டிரைவையும் ஐஎஸ்ஓ கோப்பையும் தெரிவுசெய்தல் வேண்டும். பழைய கணினிக்காயின், பகுப்பு முறை என்னுமிடத்தில் 'எம்பிஆர்' என்பதும், இலக்கு என்னுமிடத்தில் 'பயோஸ்' என்ற சொல்லும் இருக்கின்றனவா என்று பார்த்தபின்பே தொடங்கல் வேண்டும். 'ஜிபிரி' எனத் தெரிவாகியிருந்தால் அது யூஈஎப்ஐ கணினிக்குரியது. லினக்ஸ் பாவிப்போர் 'டிடி' என்னும் கட்டளையால் எழுதலாம். ஆனால், அது கேள்வி கேளாத வேலைக்காரன். பென் டிரைவின் பெயருக்குப் பதிலாக வன்தட்டின் பெயரைக் கொடுத்துவிட்டால், அதிலுள்ளவற்றின்மேல் எழுதி அழித்துவிடும். எவ்வழியாயினும் பென் டிரைவில் முன்பிருந்தவை போய்விடும். கல்யாணப் படமோ பரீட்சைக் குறிப்போ இருந்தால் முன்னரே வேறிடத்திற் சேமித்தல் வேண்டும்.

எழுதிய பென் டிரைவைக் கணினி அணைந்திருக்கும்போதே செருகிவிட்டு, பின்பு மின்விசையை அழுத்துதல் வேண்டும். மேசைக் கணினியாயின் பின்புறத்து வாசலிற் செருகுவது சிறந்தது. எழும் வேளையிலே 'எப் 12', 'எப் 9', 'எப் 8', 'எஸ்கேப்' ஆகிய விசைகளில் ஒன்றை அழுத்தினால், எதிலிருந்து எழவேண்டும் எனக் கேட்கும் பட்டியல் பல கணினிகளிலே தோன்றும். விசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பட்டியல் வராவிட்டால், 'டிலீற்' அல்லது 'எப் 2' விசையாற் பயோசுக்குள் நுழைந்து ஒழுங்கை மாற்றலாம். பழைய பயோசுகளிலே 'யூஎஸ்பி எச்டிடி', 'யூஎஸ்பி சிப்', 'யூஎஸ்பி எப்டிடி' என மூன்று பெயர்கள் காணப்படும். முதலில் எச்டிடி என்பதைப் பரீட்சித்து, அது பலிக்காவிடின் மற்றவற்றைப் பார்க்கலாம். சிலவற்றிலே பென் டிரைவ் தனியே தோன்றாது, வன்தட்டுக்களின் வரிசைக்குள் ஒளிந்திருக்கும். அங்கே அதனை முதலிடத்துக்கு உயர்த்துதல் வேண்டும்.

ஒவ்வொரு முறையும் திகதி பின்னோக்கிப் போய், மாற்றிய ஒழுங்கும் மறந்துபோகின்றதா? அது பெரும்பாலும் பெரிய நோயன்று. தாய்ப்பலகையிலுள்ள, நாணயம் போன்ற 'சீஆர் 2032' என்ற 3 வோல்ற் மின்கலம் ஓய்ந்திருக்கும். அதனை மாற்றினாற் போதும். திகதி பிழைத்திருந்தால் இணையத்தளங்களும் பாதுகாப்புச் சான்று செல்லாதென்று கூறித் திறக்க மறுக்கும். இச்சிறு மின்கலத்தின் ஓய்வைக் கணினியின் மரணமென்று கருதுவோரும் உளர்.

பயோஸ் பென் டிரைவிலிருந்து எழவே அறியாததாயின் என்செய்வது? அதற்கும் வழியுண்டு. 'பிளொப்' என்னும் சிறு நிகழ்ச்சித்திட்டத்தைச் சீடியொன்றில் எழுதிக் கணினியை அதிலிருந்து எழுப்பலாம். பயோசுக்குத் தெரியாத யூஎஸ்பி வித்தை அதற்குத் தெரியும். அது எழுந்தபின் பென் டிரைவைக் கண்டு வேலையை அதனிடம் ஒப்படைத்துவிடும். கட்டியகாரன் வரமுடியாத இடத்துக்கு வேறொருவனை அனுப்பி அழைப்பித்தது போன்றது இது. இத்தகைய கணினியிலே பொறுமையும் வேண்டும். பழைய யூஎஸ்பி 1.1 வாசலின் உச்ச வேகம் வினாடிக்கு 12 மெகாபிற்; அதாவது 1.5 மெகாபைற்று. 700 மெகாபைற்று முழுவதையும் அதனூடாக வாசிக்க எட்டு நிமிடத்துக்குக் குறையாது. திரை கறுத்திருக்கிறதேயென்று இடையில் அணைத்துவிடலாகாது.

பென் டிரைவிலிருந்து லினக்ஸ் எழுந்தவுடன், வன்தட்டைத் தொடாமலே அதனைப் பயன்படுத்திப் பார்க்கலாம். 2000ஆம் ஆண்டிலே ஜெர்மனியிற் பிறந்த 'நொப்பிக்ஸ்', சீடியிலிருந்தே முழு லினக்சையும் ஓட்டிக் காட்டி இம்முறையைப் பரப்பிற்று. ஒலி கேட்கிறதா, இணையம் வருகிறதா, திரை தெளிவா என்றெல்லாம் பார்த்தபின் நிறுவுவதா இல்லையா எனத் தீர்மானிக்கலாம். அதனிலும் பெரிய நன்மை ஒன்றுண்டு. வின்டோஸ் எழ மறுக்கும் கணினியின் வன்தட்டு நன்றாயிருக்குமாயின், அதிலுள்ள கடிதங்களையும் படங்களையும் ஆவணங்களையும் இவ்வழியே திறந்து வேறொரு பென் டிரைவுக்கு மாற்றிவிடலாம். ஆலயக் கணக்கு, சங்கக் கூட்டக் குறிப்பு, மறைந்த பெரியவர் ஒருவரின் ஒரேயொரு படம் என்பன வின்டோசுடன் சேர்ந்து அழியவேண்டியதில்லை. ஆகவே, முதலில் மீட்பு, பின்பே நிறுவல் என்பதை வாலிபர்கள் விதியாகக் கொள்ளல் வேண்டும்.

இங்கே நாம் ஒன்றை அழுத்திக் கூற விரும்புகிறோம். பூட்டு மாற்றாத வீட்டை எந்தத் திறவுகோலும் திறக்கும். வன்தட்டு மறைகுறியாக்கப்படாத கணினியிலே, கடவுச்சொல் இருந்தாலும், பென் டிரைவால் எழுப்பி உள்ளிருப்பதை வாசித்துவிடலாம். ஆகவே, இவ்வித்தை அறிந்தவன் பிறர் கணினியை உரியவரின் அனுமதியின்றித் தொடுவது, அயலாரின் பெட்டகத்தைத் திறப்பதற்குச் சமமாகும். மீட்கக் கொடுக்கப்பட்ட கணினியிலும், கேட்கப்பட்டதை மாத்திரம் எடுத்துக் கொடுத்து மற்றவற்றைக் காணாதிருத்தலே நேர்மை. வித்தையுடன் ஒழுக்கமும் கூடாவிடின் அவ்வித்தையாற் சமூகத்துக்குத் தீமையே விளையும்.

எல்லாப் பழைய கணினிகளும் இவ்வாறு உயிர் பெறும் என்று நாம் கூற வரவில்லை. வன்தட்டு கரகரவென ஒலித்தால் அதன் நாட்கள் எண்ணப்படுகின்றன. 512 மெகாபைற்று நினைவகமுடைய கணினியிலே இன்றைய காணொளி வகுப்பை எதிர்பார்த்தல் கூடாது. இக்காலத்து இணையப் பக்கங்கள் பழைய செயலிக்குப் பெருஞ்சுமை. ஆயினும் கடிதம் எழுத, கணக்கு வைக்க, தமிழ்த் தட்டச்சுப் பழக, நிகழ்ச்சித்திட்டம் எழுதக் கற்க, நூல் வாசிக்க அவை போதுமானவை. எமது ஊரின் பெயரையே தம் புனைபெயராகச் சூடிய கவிஞர் நீலாவணன் அவர்களை அறியாதார் இங்கில்லை. அவர் போன்றோர் வாழ்ந்த காலத்து ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் 2005இலே ஆரம்பமான 'நூலகம்' என்னும் மின்னூலகம் இலவசமாகத் தருகின்றது. அவற்றை வாசிப்பதற்குப் புத்தம் புதிய கணினி எதற்கு?

இலவச மென்பொருளென்றால் இரண்டாந்தரம் என்ற எண்ணமும் எம்மிடையே உண்டு. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி எமது கரையோரத்துக்கு நேர்ந்ததை இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. அவ்வேளையிலே, காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிவுசெய்வதற்காக இலங்கைக் கணினித் தொண்டர்கள் சேர்ந்து 'சஹானா' என்னும் கட்டற்ற மென்பொருளை ஆக்கினர். அது 2005இலே பாகிஸ்தான் பூமியதிர்ச்சியின்போதும் உதவிற்று. 2006ஆம் ஆண்டுக்குரிய, சமூகப் பயனுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் விருதையும் பெற்றது. துயரத்தின் நடுவே இந்நாட்டவர் ஆக்கி உலகுக்கு அளித்த பொருள் அது. அதனை ஆக்கியோர் கையாண்டதும் இதே லினக்ஸ் குடும்பத்துக் கருவிகளையே.

இறுதியாக, வாலிப நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பயோஸ் திரை முழுவதும் ஆங்கிலம். எம்மிற் சிலர் மிஷன் பாடசாலையிற் கற்றதனால் அவ்வாங்கிலம் எமக்கு அச்சந் தருவதில்லை. அஃது எமது திறமையன்று, கிடைத்த வாய்ப்பு. அவ்வாய்ப்புக் கிட்டாத தம்பி தங்கையருக்காக, எந்தக் கணினிக்கு எந்த விசை, எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது எமது கடமை. டெபியனின் நிறுவி தமிழிலும் கேள்வி கேட்கும் என்பதையும் அவர்களுக்குக் காட்டுவோம். பாவு ஓட்டித் தந்தால் நெய்யப் பலருண்டு என்பதை அயலிலுள்ள மருதமுனையின் கைத்தறிகளைக் கண்டு வளர்ந்த நமக்கு எவரும் சொல்லத் தேவையில்லை. இவ்வுதவி எமது ஊருடன் நின்றுவிடாமல், அயலூர்ப் பிள்ளைகளுக்கும் வேற்றுமையின்றிக் கிடைத்தல் வேண்டும்.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். வீட்டுப் பரணிலே துணி மூடிக் கிடக்கும் கணினியைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுப்பதற்கு முன்னர், இவ்வேலை அறிந்த பிள்ளை ஒருவரிடம் ஒரு மாலைப்பொழுது ஒப்படையுங்கள். எழுந்தால் அது ஒரு மாணவனுக்குக் கணினி. எழாவிட்டாலும், அதனுள் இருந்த உங்கள் ஆவணங்கள் மீளக் கிடைக்கலாம். ஒரு பிள்ளையும் ஒரு வித்தை கற்றிருக்கும். இரண்டில் எதுவும் நட்டமில்லை.